காலேப் கடையில் ரீசெட் கிடையாது

காலேபைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் நல்லதாகச் சொல்ல மாட்டேன். அவனுடைய கேம் சென்டரை ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. தாலுகா ஆபீஸுக்கு வந்தவர்கள் சான்றிதழை நகலெடுக்க நிற்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரையாவது கோடாலியால் பிளந்துகொண்டிருப்பார்கள். ஒன்பது வருஷமாக எனக்கு இந்த அலறல்தான்.

அங்கே எல்லாரும் ஆடுவது ஒரே விளையாட்டு. ஒரு ஆளை உருவாக்கி, பலம், புத்தி, வைத்தியம் என்று பாயின்ட்டைப் பங்கு போட்டு மாசக்கணக்கில் வளர்க்க வேண்டும். மனசு மாறினால் அத்தனை பாயின்ட்டையும் பிடுங்கி அவனை வேறு ஆளாக்கலாம். அதற்குப் பேர் ரீசெட். காலேப் அதற்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தான். யார் கேட்டாலும், "வெட்டனவன் வெட்டனவன்தாம்பா. வேணும்னா முதல்லேர்ந்து ஆடு" என்பான். பெரிய நீதிமான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் வாலிபால் பந்தயத்தில், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு. காலேப், வலை கட்டியிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கி, எங்கள் சபையைச் சேர்ந்த நேசகுமார் அண்ணனின் வலது மணிக்கட்டை நொறுக்கினான். அடுத்த வாரம் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்கு மெடிக்கல் போக இருந்தவர் அவர். அந்த வேலை அத்தோடு போயிற்று.

எங்கள் சபையில் அடுத்தவரை ரத்தம் வர அடித்தவனுக்குத் திருவிருந்து கிடையாது. அடிபட்டவரே கையைப் பிடித்து பலிபீடம் வரை கூட்டிப்போனால்தான் மறுபடி அப்பமும் ரசமும். அண்ணன் காலேபின் கையைப் பிடிக்கவில்லை. அவன் பதினாலு வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன திங்கட்கிழமைதான் அண்ணன் வாயைத் திறந்தார். "ஆங், வர்ற ஞாயித்துக்கெழம கூட்டிகினு போறேன்." அந்த வாரம் முழுக்க காலேப் என்னிடம்கூட மரியாதையாகப் பேசினான்.

சனிக்கிழமை மத்தியானம். லோடு ஆட்டோ ஓட்டும் தணிகைவேல் இரண்டு மாசமாக வளர்த்த கோடாலிக்காரன் ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டான்.

"ணா, ஒரே ஒரு தபா. வைத்தியனா மாத்திக்கிறேன்."

"அத்தினி பேரச் சாவடிச்சப்போ இனிச்சுதில்ல?" என்று சொல்லிவிட்டு காலேப் டீ வாங்கப் போனான். தணிகைவேல் காலேபின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, விளையாட்டில் காலேப் வளர்த்த ஆளைத் திறந்து பார்த்தான். டீயோடு காலேப் உள்ளே நுழையவும் இவன் உரக்கப் படிக்கவும் சரியாக இருந்தது.

"இங்க பாருங்கடா. அண்ணன் நாப்பத்தோரு தபா ரீசெட் பண்ணிகிறாரு. ஒவ்வொரு தபாவும் வைத்தியன். ஒரே வாரத்துல திரும்பக் கோடாலி."

கடையே சிரித்தது. ஸ்டேப்ளரைத் திருப்பி வாங்க வாசலில் நின்றிருந்த நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பி மூலையில் சாத்தியிருந்தது. முதல் அடியில் தணிகைவேலின் காது கிழிந்தது. நாற்காலியோடு சரிந்தவன் வாயில் இரண்டாவது அடி. கீபோர்டெல்லாம் ரத்தம். உடைந்த பல் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்கள். காலேப் மூன்றாவது அடிக்கு ஓங்கினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, வேலை செய்கிறவன் முகம்.

நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்ல அந்த நேரம் பார்த்து நேசகுமார் அண்ணன் வந்தார். குறுக்கே பாய்ந்து கையை நீட்டினார். கம்பி அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

காலேப் கம்பியைப் போட்டுவிட்டான். "அண்ணே, சத்தியமா நீங்கன்னு பாக்கலண்ணே."

அண்ணன் தரையில் உட்கார்ந்து இடது கையால் தணிகைவேலின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். "நான்னு பாத்திருந்தா நிறுத்தியிருப்ப. அவன்னு பாத்துகினேதானடா அடிச்ச?"

நான் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். காலேப் முழங்காலில் நின்று அழுதான். "நாளைக்கி என்னைக் கூட்டிகினு போவீங்களாண்ணே?"

"நான் பிடிச்சா ஆவாது. இனிமே இவன்தான் உன் கையைப் பிடிக்கணும்."

"தணிகைவேலு நம்ம கோயிலுக்கு வரமாட்டாண்ணே. அவன் மாலை போட்டு மலைக்குப் போறவன்."

"அது உன் பாடு" என்றார் அண்ணன்.