மாடு இழுக்க ஒரு டீசல் வண்டி

ஐம்பது வயது தாண்டிய பிறகும் ஆர்டன் ஸ்கோகனை எங்கள் ஊரில் "ஹால்வரோட மூத்தவன்" என்றுதான் சொல்வார்கள். அவன் அதற்கு வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேறு நிறைய இருந்தது.

நானும் அவனும் ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தோம். கோதுமை லாரிகள் வரிசையாக எடைமேடையில் ஏறும். ஆர்டன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடை பார்த்து அனுப்புவான். வீட்டிலிருந்து கிடங்குக்கு இரண்டு மைல்தான். ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடுவான். அப்போது அவனிடம் பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி இருந்தது. கதவோரமெல்லாம் துரு. ஆனால் மூக்குக்குள் மயிர் உறைகிற வடக்கு டகோட்டா ஜனவரியிலும், சாவியைத் திருப்பினால் ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பிவிடும்.

ஹால்வருக்கு ஊருக்குக் கிழக்கே பண்ணை. கோதுமை, கொஞ்சம் சூரியகாந்தி, அதோடு நல்ல கறுப்பு மாட்டு மந்தை. மனைவி இறந்தபின் கிழவர் தனியாகத்தான் இருந்தார். இளையவன் கீத் படித்து முடித்ததும் ஃபார்கோ நகரத்துக்குப் போய் இன்சூரன்ஸ் விற்கப் பழகிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான், தின்பான், போய்விடுவான். பண்ணையில் வேலி அறுந்தாலும் பம்பு உறைந்தாலும் போன் வருவது ஆர்டனுக்குத்தான். மார்ச்சில் மாடுகள் கன்று போடும்போது அவன் லீவு எடுத்துக்கொண்டு அப்பாவின் கொட்டகையிலேயே கிடப்பான். பனியில் விழுந்த கன்றைத் தூக்கிவந்து தன் வண்டியின் முன்சீட்டில் போட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, அது காதை ஆட்டும்வரை துடைத்துக்கொண்டே இருப்பான்.

அதைப் பார்த்துக் கிழவர் சொல்வார், "கன்னுக்குட்டி சுமக்கத்தான் லாயக்கு உன் வண்டி. இல்லேன்னா கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வரலாம்."

ஊர் காபிக்கடையிலும் இதே கதை. வாசலில் டீசல் பிக்கப்புகள் இஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே அவற்றின் சொந்தக்காரர்கள். ஆர்டன் வந்தால் யாராவது ஒருவர், "டேய், ஆர்டனோட தையல் மிஷின் வந்திடுச்சு, நகருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது ஹால்வர்.

ஆர்டனுக்கு அந்தப் பண்ணை வேண்டும். வாய்விட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கிழவர் தானாகவே பேச்செடுத்தார்.

"எனக்கும் வயசாயிடுச்சு. ஆனா ஒரு டிரெய்லர் மாட்டை ஏத்தி இழுத்துட்டுப் போக ஒழுங்கா ஒரு வண்டி இல்லாதவன் கையில பண்ணையை எப்படி விடறது?"

இது ஆர்டன் காதில் வாக்குறுதியாக விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவி ரோண்டாவிடம், டீசல் வாங்கப்போவதாகச் சொன்னான். ரோண்டா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். பொய் முகம் எது, நிஜ முகம் எது என்று அவளுக்குத் தெரியும்.

"வருஷத்துக்கு எத்தனை தடவ மாடு இழுக்கப் போறே?"

"வசந்தத்துல ஒரு தடவ. அப்புறம் கன்னுங்களைச் சந்தைக்குக் கொண்டுபோறப்போ."

"மத்த நாளெல்லாம்?"

"மத்த நாள் வேலைக்குப் போவேன்."

"ரெண்டு மைலுக்கு. அந்த இஞ்சின் சூடாகறதுக்குள்ள நீ கார்டு அடிச்சு உள்ள உக்காந்திருப்பே. அதுக்கு எதுக்கு ஆர்டன் டீசல்? பழசு நல்லாத்தானே ஓடுது?"

"அப்பா என்ன சொன்னார்னு நீ கேட்கல ரோண்டா."

"கேட்டேன். பண்ணையைத் தரேன்னு அவர் சொன்ன மாதிரி எனக்குக் கேட்கல."

அடுத்த சனிக்கிழமை இருவரும் நகரத்துக்குப் போனார்கள். விற்பனையாள் நல்ல பையன் என்றுதான் ரோண்டா பிறகு என்னிடம் சொன்னாள். தினசரி எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், என்ன பாரம் இழுப்பீர்கள் என்று முறையாக விசாரித்திருக்கிறான். சின்னச் சின்னத் தூரம்தான் என்றால் பெட்ரோலே எடுங்கள், டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறான்.

ஆர்டன் நிமிர்ந்து நின்று, "நான் பண்ணைக்காரன்ப்பா. வாரா வாரம் மாடு இழுக்கறவன்" என்றான்.

ரோண்டா அருகில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. "அந்த நேரத்துல அவன் முகத்தைப் பார்த்தா நீயும் திறந்திருக்க மாட்டே" என்றாள் என்னிடம்.

அந்த அக்டோபரில் புது டீசல் வண்டியில் கன்றுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஹால்வர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நிறைந்த டிரெய்லர், எதிர்க்காற்று, ஆற்றங்கரை மேடு. வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. சந்தை வாசலில் கிழவர் அங்கிருந்தவர்களிடம் டாஷ்போர்டைத் தட்டிக் காட்டி, "இப்பத்தான்யா இவன் வண்டி ஓட்டறான்" என்றார். ஆர்டன் அடுத்த வாரம் முழுக்கக் கிடங்கில் அந்த வார்த்தையை எங்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பிச் சொன்னான். அவனுக்கு அப்பா தந்த பரிசு, நான் அறிந்தவரை, அது ஒன்றுதான்.

குளிர்காலம் வந்தது. காலையில் இரண்டு மைல், மாலையில் இரண்டு மைல், நடுவில் கடைக்கும் தேவாலயத்துக்கும். பெரிய இஞ்சின் வெதுவெதுப்பு ஏறுவதற்குள் நிறுத்தப்பட்டது. முதலில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்ஷாப்பில் கேட்டதற்கு, நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டு, தானாக அணையும் என்றார்கள். ஆகவே ஆர்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் ஏற்றாமல், எங்கும் இறங்காமல், மேற்கே போய்த் திரும்பி வர ஆரம்பித்தான். கரியை எரிக்க டீசலை எரித்தான்.

"நாய்க்குக்கூட இப்படி வாக்கிங் கூட்டிட்டுப் போறதில்ல" என்றாள் ரோண்டா. முதல் இரண்டு வாரம் அவளும் கூடப் போனாள். பிறகு போகவில்லை.

ஜனவரியில் கிடங்கில் ஆள் குறைந்து ஆர்டன் ஞாயிறும் வேலைக்கு வந்தான். விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

ஒரு காலை ஹால்வர் போன் செய்தார். நெஞ்சில் யாரோ முட்டிபோட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ஊருக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறெங்கோ விபத்துக்குப் போயிருந்தது. ஆர்டன் எடையறைக் கதவைக்கூட மூடாமல் ஓடினான். அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சாலையில் பாதி தூரம் போனபோது வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கியது. அடைத்த வடிகட்டியோடு ஓடினால் கெடும் என்று இஞ்சின் சக்தியைச் சுருக்கிக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். இருபுறமும் வெள்ளைக் காடு, சாலையில் புழுதிபோலப் பறக்கும் பனி.

எனக்குப் போன் வந்தது. "வண்டி நின்னுடும்போல இருக்கு. வா" என்றான்.

நான் என் பெட்ரோல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். கிழவரை இருவருமாகத் தூக்கி என் முன்சீட்டில் வைத்தோம். ஆர்டன் தன் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறி, பின்னாலிருந்தபடியே அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கிழவர் முகம் சாம்பலாக இருந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"என் உசுரைக் கொண்டுபோய் இந்தப் பய கையில குடுத்தேன் பாரு."

"பேசாதீங்க பெரியவரே, மூச்சு வாங்கும்" என்றேன்.

"பெரிய டீசல்! கிழவி ஓட்டற மாதிரி ஓட்டினா எந்த வண்டிதான் உருப்படும்? அவன் தம்பி இருந்திருந்தா இந்நேரம் என்னைக் கொண்டு சேர்த்திருப்பான்."

கண்ணாடியில் ஆர்டனைப் பார்த்தேன். அவன் கை அப்பாவின் தோளிலேயே இருந்தது. தோளைவிட்டு எடுக்கவில்லை.

ஹால்வர் பிழைத்துக்கொண்டார். இதயத்தில் குழாய் வைத்தார்கள். மார்ச்சுக்குள் காபிக்கடைக்கு வந்துவிட்டார். மகன் தன்னை நடுரோட்டில் உறைய வைத்த கதையை வருபவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் குளிர் கூடிக்கொண்டே போனது. டீசல் வாங்கச் சொன்னது யார் என்ற இடம் அந்தக் கதையில் வரவே இல்லை. ஒரு நாள் நான், "நீங்கதானே பெரியவரே டீசல்தான் வண்டின்னு சொன்னீங்க?" என்றேன். அவர் காபியை ஊதிக்கொண்டே, "நான் வண்டி வாங்கச் சொன்னேன். ஓட்டத் தெரியாம இருக்கச் சொன்னேனா?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. ஆர்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஈஸ்டருக்குக் கீத் வந்தான், புதுப் பெட்ரோல் பிக்கப்பில். கிழவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "சத்தமே இல்லடா. புத்திசாலித்தனமா வாங்கியிருக்கே" என்றார். ரோண்டா கையில் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்த தட்டோடு நின்றிருந்தாள். அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, வெளியே இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பின் ஹால்வர் அறிவித்தார்: நிலம், வீடு, மாடு எல்லாம் கீத் பேரில்.

ஆர்டன் அப்பாவிடம் வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அன்றுதான் கேட்டான். "ஏம்ப்பா?"

கிழவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாதவர்போலப் பார்த்தார். "நீ இங்கதானே இருக்கே. நீ எங்க போயிடப்போறே? அவன் போயிட்டான்டா. அவனைத் திரும்ப வரவழைக்கணும்னா ஏதாவது காட்ட வேண்டாமா?"

"நான் டீசல் வாங்கினேன்ப்பா."

"அதுக்கு?"

ஆர்டன் மெல்லச் சிரித்தான் என்று கீத்தே பிறகு ஊரில் சொன்னான், அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து.

கீத் திரும்பி வரவில்லை. நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டான். இலையுதிர் காலத்தில், மந்தையை விற்றுவிடப் போகிறேன், நீதான் வண்டி வைத்திருக்கிறாயே, கொஞ்சம் கொண்டுபோய் விட முடியுமா என்று அண்ணனுக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முடியாது என்று சொல்வான் என எதிர்பார்த்தேன்.

"சரி" என்றான் ஆர்டன்.

"ஏம்ப்பா ஒத்துக்கிட்டே?" என்றேன்.

"வேற யார்கிட்டயாவது குடுத்தா மாட்டை அடிச்சு ஏத்துவாங்க."

நானும் உதவிக்குப் போனேன். ரோண்டா வரவில்லை. அவள் தன் சம்பளத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கிக்கொண்டு, அப்போது தன் அக்கா ஊருக்கு அடிக்கடி போய்வர ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நாள் தங்கினாள். நாங்கள் நடை நடையாக மாடுகளைக் கொண்டுபோனோம். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. சூடேறி, ஆற்றங்கரை மேட்டில் அலுங்காமல் ஏறியது. ஆர்டனின் முன்சீட்டில் பிழைத்த கன்றுகள் அந்த மந்தையில் எத்தனையோ. அவனுக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஏற்றினான். கடைசி நடைக்குக் கிழவர் தடியூன்றி வாசலில் நின்று, "மெதுவாப் போ. கீத்துக்கு நஷ்டம் வந்திடப்போகுது" என்றார்.

சந்தையில் வாசல்காரன் புதியவன். ஆர்டனின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, "அடேயப்பா, இழுவைன்னா இதுதான் இழுவை. சரி, மாடு யாரோடது?" என்றான்.

"என் தம்பியோடது" என்று சொல்லிவிட்டு ஆர்டன் டிரெய்லர் கதவைத் திறந்துவிடப் போனான்.