பரணுக்குக் கீழே நடந்த பரீட்சை

பவுனம்மாளின் கையில் கொடுக்கப்பட்ட தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள், ஜப்பானிய மொழியில் விரிவாக எழுது.

மற்ற ஆசிரியர்களுக்கு அது சுலபமான கேள்வி. அவளுக்கு அப்படியில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவள் ஆசிரியை. சண்டைக்கு முன்பே முறையாகப் பயிற்சி முடித்தவள். ஆனால் மலாய் நாட்டை ஜப்பானியர் பிடித்தபின், 1943இல், பழைய தகுதியெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஜப்பானிய மொழியில் மேற்பயிற்சி எடுத்துத் தேறினால்தான் வேலையும் அரிசி ரேஷனும். தேறாத பெண் வீட்டுக்குப் போகலாம். தேறாத ஆண் சயாம் காட்டில் ரயில் பாதை போடப் போகவேண்டும்; போனவர்கள் திரும்புவது அரிது. பயிற்சி நடந்த மண்டபத்தை ராணுவம் சாமான் அடுக்க எடுத்துக்கொண்டதால், கடைசிப் பரீட்சையை வீட்டிலேயே எழுதச் சொன்னார் பயிற்சி கொடுத்த ஜப்பானிய ஆசிரியர் நாகாவோ சென்செய்.

"யாரிடமும் உதவி கேட்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கு நானே வந்து தாளை வாங்குவேன். நீங்கள்தான் எழுதினீர்களா என்று அங்கேயே கேள்வி கேட்பேன்" என்றார்.

அவள் வீட்டிலோ, இருக்கக்கூடாத ஆள் ஒருவன் இருந்தான். அவள் கணவன் வாசு.

செந்தூல் ரயில் பட்டறையில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்தவன் அவன். கருவாடு வாங்கக் கிள்ளானுக்குப் போனவனைப் பாசார் சந்தையிலேயே ஜப்பானியச் சிப்பாய்கள் மடக்கி, இன்னும் பலரோடு வடக்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ரயில் ஒரு வளைவில் மெதுவாக ஊர்ந்தபோது குதித்து, ரப்பர்க் காட்டு வழியாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தான். வரும்போதே மலேரியாவையும் கொண்டுவந்தான். அரசாங்கக் கணக்கில் அவன் சயாமில் இருந்தான்.

"என்னைப் பத்தி என்னா எழுதப்போறே?" என்று பாயில் படுத்தபடி கேட்டான்.

"சயாமுக்குப் போயிட்டாருன்னுதான். வேற என்னத்த எழுத?"

"எழுதிட்டுப் போ லா. செத்துட்டான்னு மட்டும் எழுதிடாதே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைப் பற்றியும், மரவள்ளி பயிரிடும் மாமியார் இராஜம்மாவைப் பற்றியும் கடகடவென்று எழுதினாள். கணவன் என்ற சொல் வந்ததும் பென்சில் நின்றது. 'சயாமில் வேலை செய்கிறார்' என்று முழுப்பொய்யை எழுதக் கை வரவில்லை. கடைசியில் 'இகிமாஷ்தா', அதாவது 'போனார்' என்று மட்டும் எழுதினாள். ரயிலில் ஏற்றியது உண்மைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சென்செய் சொன்ன நாளுக்கு முந்தைய நாளே வந்துவிட்டார்.

"பவுனு! சைக்கிளு!" வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த இராஜம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வாசுவுக்கு அப்போதுதான் குளிர்க்காய்ச்சல் ஏறியிருந்தது. அவனைத் தள்ளாத குறையாக அடுப்படிக்கு மேலிருந்த பரணில் ஏற்றி, ஏணியைப் பின்பக்கம் எறிந்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி முன்னால் வந்து குனிந்து வணங்கினாள்.

சென்செய் மேசையருகே உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். அப்போதுதான் மேலே பலகை தடதடக்க ஆரம்பித்தது. வாசுவின் உடம்பு நடுங்க நடுங்கப் பலகையும் நடுங்கியது.

சென்செய் தலையை நிமிர்த்தினார். "இத்து அபா?", அது என்ன என்று மலாயில் கேட்டார்.

"தீக்கூஸ், துவான்! பெருச்சாளி!" என்றாள் இராஜம்மா. கையிலிருந்த கத்தியால் பலகைச் சுவரைத் தட்டி, "ச்சூ! ச்சூ!" என்று விரட்டினாள்.

பவுனம்மாள் சட்டென்று, "சென்செய், நான் வாசித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து நின்று, வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல் உரக்க வாசித்தாள். மேலே சத்தம் கூடினால் இவள் குரலும் கூடியது. 'இகிமாஷ்தா'வில் அவர் கையை உயர்த்தினார்.

"இது சரியில்லை. போனார் என்றால், போனார், அவ்வளவுதான். ஒருவேளை திரும்பியும் வந்திருக்கலாம். போய் இன்னும் அங்கேயே இருந்தால் 'இத்தே இமாஸ்' என்று எழுதவேண்டும்." அவள் முகத்தையே பார்த்தார். "உன் கணவர் விஷயத்தில் எது சரி?"

இராஜம்மாவுக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மருமகள் முகம் வெளுத்ததைக் கண்டு கத்தியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தே இமாஸ்" என்றாள் பவுனம்மாள்.

"எழுது."

அவள் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் அதன் அருகே ஒரு வட்டம் போட்டு, தாளை மடித்துப் பையில் வைத்தார். வாசலில் சைக்கிளைத் திருப்பும்போது கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

சைக்கிள் தெரு முனை தாண்டியதும்தான் ஏணி திரும்பி வந்தது. இறங்கிய வாசுவின் உதட்டில் ரத்தம். பல் அடிக்கும் சத்தம் கேட்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கே இராஜம்மா அவனைக் காஜாங்கில் தன் தம்பியின் காய்கறித் தோட்டத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள்.

முடிவு வந்தபோது பவுனம்மாள் தேறியிருந்தாள். பயிற்சியில் அவள் பக்கத்து இருக்கைக்காரர், அதே தெருவில் குடியிருந்த கார்த்திகேசு தேறவில்லை. கணக்கில் கெட்டிக்காரர், மொழிதான் ஏறவில்லை. அவரைச் சயாமுக்கு அனுப்ப லோரியில் ஏற்றியபோது, "டீச்சர், வீட்டுல கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வாசு சண்டை முடிந்ததும் பட்டறைக்குத் திரும்பினான். கார்த்திகேசு திரும்பவில்லை. அவர் மனைவி வெகுநாள் வரை, லோரி சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பாள். அந்த நேரங்களில் பவுனம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டுப் போய், அவள் பக்கத்தில் நின்றுகொள்வாள்.