இஸ்திரி அறையின் குளுக்கோஸ் தண்ணீர்

இல்லை, அவள் குடிக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். அவர் பார்த்தது என் மருமகள் தெருவில் தள்ளாடியதை, குடித்ததை இல்லை. எதிர்வீட்டுக்காரி அதற்கும் ஒரு படி மேலே. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியா என்று குழாயடியில் என் காது படவே சொன்னாள். மாமியார் நானே சொல்கிறேன். ஒரு மாமியார் மருமகளைப் பற்றி நல்லது சொன்னால் அதில் பொய் இருக்குமா?

எங்கள் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். சலவை ஆலையின் இஸ்திரி அறையில் வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து விழும். நடுவில் சூடான பெரிய உருளை. இந்தப் பக்கம் நிற்பவள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து நேராக உள்ளே விட வேண்டும், அந்தப் பக்கம் நிற்பவள் வாங்கி மடிக்க வேண்டும். அந்த அறைக்குள் போனால் மூச்சே வெந்துவிடும். யாரும் மயங்கி விழக் கூடாதென்று மேஸ்திரி ஒரு டிரம் நிறையக் குளுக்கோஸ் தண்ணீர் கலக்கி வைப்பார். எத்தனை டம்ளர் குடித்தாலும் கேள்வி இல்லை.

கர்ப்பமானதும் அவளுக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. எல்லாப் பெண்களுக்கும் வருகிற வாந்தி இல்லை இது. சோற்றுப் பானையைத் திறந்தாலே ஓடுவாள். கஞ்சி தங்கவில்லை, ரொட்டி தங்கவில்லை. அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் இறங்கியது. கூட வேலை செய்பவர்கள் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள்.

"தெம்பா இருக்கும்டி, குடி" என்பார்கள். என் மகனுக்கும் நிம்மதி. ஏதோ ஒன்று உள்ளே போகிறதே!

இப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் காலையில் காப்பி டம்ளரோடு நான் வர, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு அத்தையையே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டு அத்தை நிக்கறீங்க."

நானும் சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கருவிழிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குத்தான் அவள் மளிகைக் கடை வாசலில் கால் பின்னி விழுந்தது. ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. நாங்கள் அவளைப் பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். களைத்திருக்கிறாள் என்று சொல்லி அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் சொட்டச் சொட்ட இவள் தேறுவாள் என்று பார்த்திருந்தோம். தேறவில்லை. பேச்சு குழறியது. பொழுது சாயும் நேரம் என் மகன் அவள் நெற்றியைத் தொட்டான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"யாருங்க நீங்க?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவன் சின்ன வயதில் கூட்டத்தில் தொலைந்து கிடைத்தபோது பார்த்த பார்வை அது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டே போனேன். அங்கே டாக்டரம்மா அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"குடிக்கிற பழக்கம் உண்டாம்மா? கூச்சப்படாம சொல்லுங்க."

"நீங்களுமா? சாராயம் கீராயம் எதுவும் தொட்டதில்ல. பல வாரமா அவ வயித்துல தங்கினது ஆலையில குடுக்கற குளுக்கோஸ் தண்ணி ஒண்ணுதான். இப்ப அதையேதான் ஊசி வழியாவும் ஏத்திட்டு வர்றோம்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நர்சைக் கூப்பிட்டு, "இந்த பாட்டில நிறுத்துங்க. மொதல்ல தையமின் போகணும், உடனே" என்றார்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகு எங்களுக்குச் சொன்னார். உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையை எரித்துத்தான் உயிர் வாழ்கிறதாம். எரிக்க என்சைம் என்று ஒன்று இருக்கிறதாம். ஆனால் அது தனியாக வேலை செய்யாதாம். அந்தத் தையமின், அதாவது பி ஒன்று என்கிற வைட்டமின், உடம்புக்குள் போய் உருமாறி, அதன் பக்கத்தில் துணைக்கு நிற்க வேண்டுமாம். கோஎன்சைம் என்றார். எனக்கு எங்கே புரிகிறது என்று நினைத்தாரோ, இவள் வேலையை விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"உங்க மருமக உடம்பும் அந்த இஸ்திரி உருளை மாதிரிதான்மா. மெஷின் சூடாத்தான் இருக்கு. துணிய புடிச்சு உள்ள விடற ஆள் வேலைக்கு வரல. துணிய மட்டும் மேல மேல கொட்டினா?"

"குவிஞ்சு நாறும்."

"அதேதான். சர்க்கரை பாதி வழியில நின்னு அமிலமாயிடும். அந்த வைட்டமின் உடம்புல கொஞ்ச வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். வாந்தியில எதுவும் சேரல, வயித்துப் புள்ளைக்கு வேற பங்கு போகணும். மிச்சமிருந்ததையும் இந்தச் சர்க்கரை தீத்துடுச்சு. மூளைக்கு சர்க்கரைதான் சோறு. அதான் அங்க மொதல்ல அடிச்சிருக்கு."

"பொழைச்சுடுவாளா?" என்று மகன் கேட்டான்.

"பொழைச்சுடுவாங்க. புத்தி முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

அந்த வார்த்தையோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பயத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் துடிப்பு இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். தாய்க்குத் தன் பெயர் தெரியவில்லை, உள்ளே பிள்ளை துடிக்கிறது. நான் எதற்கு அழுவது, எதற்குக் கும்பிடுவது?

மறுநாள் கருவிழிகள் அலையாமல் நின்றன. அதற்கடுத்த நாள் என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான். என்னிடம் மட்டும் காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்பாள். நானும் புதிதாய்ச் சொல்வதுபோல் சொல்வேன். மெல்ல மெல்ல அது குறைந்தது. கால்தான் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, அகலமாகக் கால் வைத்து, பிஞ்சுக் குழந்தை மாதிரி நடந்து பழகினாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வேணாங்க்கா, நடந்தே வரேன்" என்று எழுந்துவிட்டாள்.

நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க அத்தை. விழுந்தா விழறேன்."

"விழறதுக்கு நீ ஒருத்தி மட்டுமா இருக்க?"

"அதான் பயமா இருக்கு. ஆனா என் காலு என் பேச்ச கேக்குதான்னு எனக்குத் தெரியணும்."

எடுத்தேன். எடுத்தேனே தவிர, ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் வைத்துக்கொண்டே பின்னால் போனேன். ஒரு அடி. நின்றாள். இன்னொரு அடி. இடுப்பு ஒரு பக்கம் சாய, சுவரில் விரலை ஊன்றி நிமிர்ந்தாள். மகன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதவை விரியத் திறந்து பிடித்திருந்தான். மூச்சு விட்டானா என்று தெரியவில்லை. நான் விடவில்லை. அவள் சுவரிலிருந்து விரலை எடுத்தாள், வயிற்றைக் கையால் தாங்கினாள், வாசலைத் தாண்டி நடந்து போனாள்.