நூல் கட்டிய பழம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. போனில் சொன்னவள் சுருட்டை. அக்கா இறந்ததுகூட எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அக்கா இருபத்துநாலு வருஷம் லென்ஸ் தேய்த்தவள். மெஷின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். சுருட்டை பில் போடுபவள். தலைமுடியால் வந்த பெயர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் லென்ஸ் துடைக்கும் துணியில் ஏழு விதைகளை மடித்து அக்காவிடம் கொடுத்தார். அவர் வீட்டில் தலைமுறைகளாக வரும் தக்காளி, கடையில் கிடைக்காது. முளைத்தவை இரண்டு. பழம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்து, காம்பைச் சுற்றி மட்டும் பச்சையாக நிற்கும். கல்யாணப் பேச்செடுத்தாலே எங்கள் வாயை அடைத்துவிடும் அக்கா, மொட்டைமாடியில் பெயிண்ட் வாளிகளில் வைத்து அந்தச் செடிகளைப் புது மாப்பிள்ளையைப் போலத் தாங்கினாள். வேறு தக்காளியின் மகரந்தம் கலந்தால் ரகம் கெட்டுவிடும் என்று, பூ விரியும் முன்பே கொத்துக்கு வலைத்துணிப் பை மாட்டுவாள். பைக்குள் பிடித்த காய்களில் நல்லதாக ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டுவாள். அது விதைக்கு. யாரும் தொடக் கூடாது.

நான் விதை கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "உன் பால்கனியில வெயிலே இல்லடி." சுருட்டைக்கு மட்டும் கேட்காமலேயே கொடுத்தாள். அவள் வீட்டில் தனிச் சூரியன் உதிக்கிறது போலும்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, அக்கா தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தாள். நூல் கட்டிய பழத்தைப் பறித்து, நின்ற நிலையிலேயே தின்றேன். திரும்பி வந்தவள் என் விரலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒரே புளிப்பு," என்றேன். அப்படியொரு இனிப்பை நான் அதுவரை தின்றதில்லை.

"விதையையாவது துப்பியிருக்கலாம்லடி."

திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் போகும் நாட்களில் மாடிக்கதவு பூட்டியே இருந்தது.

புதன்கிழமை அடக்கம் முடிந்து அக்கா வீட்டுச் சமையலறைக்குள் போனேன். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீரில் தக்காளிச் சதையும் விதையும் ஊறி, மேலே வெண்மையாக ஆடை படிந்திருந்தது. டம்ளரில் ஒட்டிய சீட்டில் அக்காவின் கையெழுத்தில் திங்கட்கிழமைத் தேதி. அதன் கீழே, 'சுருட்டைக்கு'.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த சுருட்டை என்னைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா விதை ஏதாவது எடுத்து வெச்சிருந்தாங்களா? என் செடியெல்லாம் பூச்சி விழுந்து போச்சு. இங்கயும் மாடியில காய்ப்பு முடிஞ்சு எல்லாம் காஞ்சு கெடக்கு."

"தெரியலயே," என்றேன். டம்ளரைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஊறவைத்த மூன்றாம் நாள் விதையைக் கழுவித் தட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும். விட்டால் தண்ணீரிலேயே முளைவிட்டு வீணாகிவிடும். மூன்றாம் நாள் நேற்றோடு போய்விட்டது. நான் இன்னும் கழுவவில்லை.