இருக்கேன் சார்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. போன் செய்கிறவர்களுக்கெல்லாம் அவர் 'இருக்கேன் சார்'தான்.

பார்வையில்லாதவர்களின் கம்ப்யூட்டரைப் பேச வைக்கிற மென்பொருள் விற்கும் கம்பெனி அது. ஏதாவது மக்கர் பண்ணினால் வாடிக்கையாளர்கள் உதவி எண்ணுக்குப் போன் போடுவார்கள். இருபத்து மூன்று வருஷமாக அந்தப் போனை எடுக்கிறவர் இவர். இவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எதிர்முனையில் ஒருவர் கீபோர்டைத் தடவித் தடவி ஒரு பட்டனைத் தேடும்போது போனில் சத்தமே இருக்காது. இவர் போனை வைத்துவிட்டாரோ என்று தேடுகிறவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதனால் இவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்" என்பார். அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது.

பெண்டாட்டி வாய்த்ததும் இப்படித்தான். அவளுக்கும் பார்வை கிடையாது. ஏதோ ஒரு பட்டனைக் கேட்டுப் போன் செய்தவள், ஆறே மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வைத்துவிட்டாள். "பட்டன் ரெண்டாவது நிமிஷமே கெடச்சிருச்சு. நீங்க 'இருக்கேன்'னு சொல்றதக் கேக்கத்தான் சும்மா தேடிட்டு இருந்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கம்பெனியைத் தொடங்கிய முதலாளியும் பார்வையில்லாதவர்தான். ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை, எட்டு பேர். அங்கே இரண்டே சட்டம். உள்ளே வருகிறவர் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், வெளியே போகிறவர் "போறேன்" என்று சொல்ல வேண்டும். தபால்காரரானாலும் தப்ப முடியாது. இரண்டாவது, இரும்பு நாற்காலிகள் மட்டும்தான். எழுந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அது கிறீச்சிட வேண்டும். மெத்தை வைத்த நாற்காலி விற்க வந்தவரிடம் "இது சத்தம் போடுமா?" என்று முதலாளி கேட்க, அந்த மனுஷன் பெருமையாக "துளிகூடப் போடாது சார்" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார்.

முதலாளிக்கு வயதானது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி செய்கிற கம்பெனிக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிற போனே திரையில் இருப்பதை இலவசமாக வாசித்துக் காட்ட ஆரம்பித்தது. தனி ஆட்கள் வாங்குவது நின்றுபோனது. இரண்டாவது கம்பெனியை மூன்றாவது ஒன்று விழுங்கியது. கண், காது, கை, கால் என்று எல்லாவற்றுக்கும் கருவி செய்து, வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மொத்தமாக விற்கிற பெரிய இடம் அது. போனை எடுத்ததும் சொல்ல வேண்டிய கம்பெனிப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. "இப்போ எந்த வீட்டு மாப்பிள்ள நீங்க?" என்று பழைய ஆட்கள் வம்புக்கு இழுப்பார்கள். பொய் சொல்லக் கூடாது, மென்பொருள் முன்பைவிட நன்றாகத்தான் ஆகியிருந்தது. தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி இருந்த குரல் இப்போது மனுஷக் குரலாகவே இருந்தது.

புது அலுவலகம் நான்காவது மாடி. அறைகளில் எல்லாம் கம்பளம், நாற்காலிக்கெல்லாம் சக்கரம். பழைய எட்டு பேரில் இவரும், பெருக்கித் துடைக்கிற அக்காவும்தான் மிச்சம். அந்த அக்கா ஒருத்திதான் துடைப்பத்தோடு நுழையும்போதே "வந்துட்டேன் சார்" என்பாள். இவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிலிருந்து வாய்க்குள்ளேயே முனகுவதோடு சரி.

மாத நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து உதவி எண் கிடையாது, சந்தேகங்களை இணையப் பக்கத்தில் எழுதினால் போதும். எண் போனால் அவர் வேலையும் போச்சு. வேறு எங்கே போவார், ஐம்பத்து நான்கு வயதில்? புது மேலாளரிடம் போய்ப் பேச அனுமதி கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் கெட்டவள் இல்லை. "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க சார், பத்து நிமிஷம். மேலிடத்துலேர்ந்தும் ரெண்டு பேரு இருப்பாங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மூன்று நாள் மாலையும் புருஷனும் பெண்டாட்டியும் அதே வேலையாக இருந்தார்கள். சொல்ல வேண்டியதைத் தடித்த அட்டைகளில் பிரெயிலில் குத்தி வைத்தார். அவள் பேசும் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பதிமூணு நிமிஷம். உங்க சொந்தக் கதைய வெட்டுங்க" என்றாள். வெட்டி வெட்டி ஏழு அட்டையில் வந்து நின்றது.

வியாழக்கிழமை அறையில் மூன்று பேரும் வணக்கம் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று முதல் அட்டையில் விரல் வைத்தார். அறுபது வயதுக்கு மேல் பார்வை போன ஒரு பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னார். யாரோ "ம்" கொட்டினார்கள். மூன்றாவது அட்டைக்கு வரும்போது அறை அப்படியே அமைதியாகிவிட்டது. இருமல் இல்லை, காகிதம் புரள்கிற சத்தம் இல்லை. காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெம்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் இவ்வளவு நேரம் அவரை இடைமறிக்காமல் இருந்ததில்லை. ஐந்தாவது அட்டையோடு அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு மனசிலிருந்தே பேசினார்.

"ஒரு போன் பதினோரு நிமிஷம் ஓடுதுன்னா, அதுல ஆறு நிமிஷம் அவங்க தேடிட்டு இருப்பாங்க. நான் ஒண்ணும் பெருசா பண்றதில்ல. இருக்கேன், இருக்கேன்னு சொல்லிட்டு இருப்பேன், அவ்வளவுதான். அது இல்லன்னா பாதிப் பேரு கைய எடுத்துருவாங்க. அந்த டிரைவர் இப்போ பேரனுக்குத் தானே கடிதம் அடிக்கிறாரு. நீங்களே அவருக்கு ஒரு தடவ போன் பண்ணிக் கேளுங்க. நம்பர் தர்றேன்."

காத்திருந்தார். யோசிக்கிறார்கள், யோசிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். கதவு திறந்தது.

"வந்துட்டேன் சார்" என்றாள் அக்கா. பிறகு, "யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?" என்றாள்.

அவர் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இங்க யாரும் இல்லையே சார். மேடத்துக்கு ஏதோ போன் வந்துச்சு போல, மூணு பேரும் அவசரமா லிஃப்ட்ல போனாங்க. அதுக்கப்புறம் நான் வராந்தா முழுக்கத் துடைச்சே முடிச்சிட்டேன்."

வராந்தாவைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது அட்டை வரைக்கும் வந்தது. கோபம் வர வேண்டிய இடம்; வரவில்லை. அவமானமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அட்டைகளை வரிசையாக அடுக்கினார். அக்கா நாற்காலியை நகர்த்திவிட்டு, "இடப்பக்கம் வழி இருக்கு சார்" என்றாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கம்ப்யூட்டர் வாசிக்கிறதை இவர் எப்போதும் மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறவர். அதை மட்டும் வேகத்தைக் குறைத்து, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் மாதிரி சொல் சொல்லாகக் கேட்டார். 'இன்று நீங்கள் எடுத்துரைத்த கருத்துகளைக் கவனமாகக் கேட்டோம். நன்றி. உதவி எண் முன்பே அறிவித்தபடி மாத இறுதியில் நிறுத்தப்படும்.' நல்ல குரல், மனுஷக் குரல். கையெழுத்து வரை கேட்டுவிட்டு மூடினார். அன்று "போறேன்" என்று முனகக்கூட இல்லாமல் கிளம்பினார்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துத் தண்ணீர் நின்றது.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"வந்துட்டேன்னு சொன்னா என்னவாம்? ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்."

"மறந்துட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, என்னாச்சு? முழுசாக் கேட்டாங்களா?"

"கேட்டதா எழுதியிருக்காங்க."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"இருக்கீங்களா?" என்றாள் அவள்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற சொல்தான். வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, அவர் தோளில் கை பட்டதும் நின்றாள்.