இரண்டு முறை போட்ட உப்பு

அன்று பள்ளிச் சமையலறையில் நான், கூடச் சமைக்கும் அக்கா, பரிமாறும் முன் ருசி பார்க்கும் தலைமையாசிரியை, மூன்று பேர்தான். வெளியே தட்டோடு நாற்பது பிள்ளைகள். பாதிப் பேர் வெறும் டீ குடித்துவிட்டு வந்த தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

உப்புமாவை வாயில் வைத்ததும் டீச்சர் முகம் சுளித்தார். "என்னம்மா, உப்பளத்துலயா கிண்டுன?"

போட்டேனா இல்லையா என்ற பயத்தில் இரண்டாம் முறையும் உப்பைப் போட்டிருந்தேன்.

"கொட்ட வேண்டியதுதான்டி. பசங்க பசியோட உக்காந்துகினு இருக்குதுங்க" என்றாள் அக்கா.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் அடுப்பு எனக்குத் தெரியும். எதிர்க்கடை பாயிடம் இரண்டு கிலோ ரவை கடன் வாங்கி, உப்பில்லாமல் கிண்டி, அதோடு கலந்தேன். மணி அடிப்பதற்குள் எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"யக்கா, இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்றாள் ஒரு சிறுமி.

பாய்க்கு இன்னும் நூற்றுப்பத்து ரூபாய் தர வேண்டும்.