நிலத்துக்குக் கீழே ஒரு மண்டபம்

பருத்தித்துறையில் ஒரு சலூனில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி. எங்கோ குண்டு விழ, சனம் போர்வையும் பூனையுமாக நிலத்தடி ரயில் நிலையமொன்றில் படுத்திருந்தது. கமரா மேலே திரும்பியது. வெண்கலச் சரவிளக்குகள், வளைந்த கூரை, பூக்கொடி செதுக்கிய தூண்கள். "ஐயோ, கீவ்!" என்று துள்ளிவிட்டேன்.

"ஆடாதேங்கோ அண்ணை, காது போயிடும்" என்றான் முடி வெட்டுகிறவன்.

காது போவதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

சண்டைக் காலத்தில் வெளிநாடு போகப் புறப்பட்ட எங்களை, காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கீவ் நகரத்தில் ஓர் அறையில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். எங்களை என்றால் என்னையும் வட்டுக்கோட்டைச் செல்வத்தையும். அறையில் சூடு இல்லை, வெளியே பனி. ஆகவே பகல் முழுவதும் நிலத்தடி ரயில் நிலையத்தில்தான் குடியிருப்பு. அதற்குப் போகும் நகரும் படிக்கட்டிலிருந்து முதல் நாள் நான் இறங்கியது ஆடு வாய்க்கால் தாண்டியதுபோல இருந்ததாம். செல்வம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கீழிருந்து இரும்புத்தூள் மணக்கும் காற்று வரும். நிலத்துக்குக் கீழே என்றால் எனக்குத் தெரிந்தது ஈரமண் மணம்தான். பனங்குற்றி அடுக்கிய எங்கள் வீட்டுப் பங்கர்க் குழியின் வாசலில் ஷெல் விழுந்த அன்று, தங்கையைக் காலில் பிடித்து வெளியே இழுத்தோம். வாய் நிறைய மண். உயிர் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு, மண்ணுக்கடியில் இப்படியொரு மண்டபம் கட்டியிருந்ததை நம்பவே நாளெடுத்தது.

செல்வம் ஒவ்வொரு தூணாகத் தடவுவான். சலவைக்கல்லில் கோதுமைக் கதிர், மாதுளை, நட்சத்திரம். "மச்சான், உவங்கள் சாமி இல்லாமலே கோயில் கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்பான்.

அப்படி அவன் தடவிக்கொண்டு நின்ற ஒரு பின்னேரம், கறுத்த தோலைக் கண்டால் அடிக்கத் திரியும் மொட்டையடித்த நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து செல்வத்தின் தலைமயிரைப் பிடித்து அந்தத் தூணோடு மோதினான். தேங்காய் உடைகிற சத்தம். மாதுளைகளின் மேல் இரத்தம் வழிந்தது. விழுந்தவனின் காதிலும் விலாவிலும் சப்பாத்துகளால் மாறிமாறி உதைத்தார்கள். நான் ஒருவன்மேல் பாய்ந்து கையைக் கடித்தேன். அவன் இரத்தம் என் நாக்கில் உப்புக் கரித்தது. இன்னொருவன் குத்தியதில் என் முன்பல் தெறித்தது.

பிறகு செல்வத்தைக் காலில் பிடித்துத் தண்டவாளப் பக்கம் இழுத்தார்கள். சுரங்கத்திலிருந்து ரயிலின் காற்று வரத் தொடங்கிவிட்டது.

"மச்சான், விடாதையடா!"

அவன் கையைப் பிடித்தபடி நானும் தரையோடு இழுபட்டேன். சனம் விலகி நின்று பார்த்தது. ரயிலுக்குச் சைகை காட்டும் சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்திதான் ஓடிவந்தாள். பருத்த பெண். கையிலிருந்த பிடி வைத்த சைகைத் தட்டால் ஒருவனின் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்து அவன் நிலத்தில் இருந்துவிட்டான். மற்றவர்கள் திகைத்த கணத்தில் எங்கள் இரண்டு பேரையும் தன் கண்ணாடிக் கூண்டுக்குள் இழுத்துப் பூட்டினாள். அவர்கள் உதைக்க உதைக்கக் கண்ணாடியில் விரிசல் ஓடியது, உடையவில்லை.

பொலிஸ் வர அவர்கள் ஓடினார்கள். எங்களிடமோ கடவுச்சீட்டு இல்லை. பொலிஸைக் கண்டு நாங்கள் மூலைக்கு ஒதுங்கியதைப் பார்த்தே அவள் விளங்கிக்கொண்டாள் போலும். எங்களை மேசைக்கடியில் தள்ளி, தன் கோட்டை மேலே போட்டு, முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பொலிஸிடம் என்ன சொன்னாளோ தெரியாது. போய்விட்டார்கள். செல்வத்தின் இரத்தம் அவள் சப்பாத்துவரை ஓடியிருந்தது.

அடுத்த நாள் நான் பேசப் பேச அவன் தலையைத் திருப்பினான். "மற்றப் பக்கத்தாலை கதை, மச்சான். இந்தக் காது செத்துப்போச்சு."

பனி கரையுமுன் வேறொரு ஏஜென்சிக்காரன் வந்தான். லொறியில் ஒருவருக்குத்தான் இடம். "அடி வாங்கினவன் நீ. நீ போ" என்றேன். "போய்ச் சேர்ந்த உடனை போன் கோல் எடுக்கிறன்" என்று ஏறினான். லொறி எங்கும் போய்ச் சேரவில்லை. அவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. என்னைப் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள்.

வந்ததும் வட்டுக்கோட்டைக்குப் போனேன். செல்வத்தின் அம்மா அழவில்லை. "தம்பி, பிள்ளை அங்கை எப்பிடி இருந்தவன்?" என்று மட்டும் கேட்டார். இரத்தத்தை எப்படிச் சொல்வது? மண்டபத்தைச் சொன்னேன். அதன்பின் போகும்போதெல்லாம் அதையே கேட்பார். சரவிளக்கு, கதிர், மாதுளை என்று நானும் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

"என்ரை பிள்ளை அதுகளைத் தொட்டவனோ?"

"ஓம் அம்மா. எல்லாத் தூணையும் தொட்டவன்."

அந்த அம்மாவும் செத்துப்போய்விட்டார். வீட்டை வாங்கியவர்கள் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நான் தனியே நினைத்தால் தூணும் அதில் வழிந்ததும்தான் வருகின்றன. அவருக்காக நான் கழுவித் துடைத்து வைத்திருந்த மண்டபம் அவரோடு போய்விட்டது.